இடப்பக்கப் பை

இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவர் சட்டைப் பையில் கையை விட்டுப் பிழைத்தவள் அவள். இதை அவளே சொல்லிச் சிரிப்பாள். புதிதாகக் குடிவந்தவர்கள் யாராவது "என்ன வேலைக்குப் போறீங்க?" என்று கேட்டால், முகத்தில் ஒரு சுருக்கம் விழாமல் "பிக்பாக்கெட்" என்பாள்.

பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. பிணவறைக்கும் சமையல்கூடத்துக்கும் நடுவில் தகரக் கூரை போட்ட நீளக் கட்டடம். உள்ளே எப்போதும் ஆவி. வார்டு விரிப்பு, டாக்டர் கோட்டு, நர்ஸ் உடுப்பு, நோயாளிச் சட்டை எல்லாம் மூட்டை மூட்டையாக வந்து சிமெண்டு மேடையில் கவிழும். அதில் முதலில் படுகிற கை அவளுடையது. ஒரு பேனா தப்பிப் போனால் நாற்பது கோட்டும் நீலமாகிவிடும். ஒரு ஊசி தப்பினால் பிழிகிறவள் கை கிழியும். இரண்டு விரலை உள்ளே விட்டு, மூலையைத் தடவி, பையை நாக்குபோல வெளியே இழுத்துப் போட்ட பிறகுதான் துணியை டிரம்முக்குத் தள்ளுவாள். கண்ணாடி, மாத்திரை, பாதி கடித்த மிட்டாய், யாரோ யாருக்கோ எழுதிக் கொடுக்காமல் விட்ட கடிதம் என்று எத்தனையோ எடுத்திருக்கிறாள். ஒருமுறை முழுப் பல்செட் ஒன்று கிடைத்தது. வார்டு வார்டாக அலைந்து உரியவரைக் கண்டுபிடித்துக் கொடுத்தாள். அந்தக் கிழவர் அதை மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை வீட்டுக்கு வந்து நடித்துக் காட்டினாள். லாண்டரியக்கா கை வைத்த துணியில் தூசி இருக்கும், பொருள் இருக்காது என்று கூடத்தில் பேச்சு.

அந்தக் கையைத்தான் கட்டிப் போட்டார்கள்.

தொற்று வந்த மூன்றாவது வாரம், இஸ்திரி போடுகிற இரண்டு பேர் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். மறுநாள் சூப்பர்வைசர் எல்லோரையும் தள்ளித் தள்ளி நிற்கவைத்துப் பேசினார்.

"இனிமே யாரும் துணியைத் தொடக் கூடாது. மூட்டையை அவுக்கவே வேணாம். அப்படியே கொதிக்கிற டிரம்முல கவுத்துட்டு கம்பால அமுக்குங்க."

"பை பாக்காமலா சார்?"

"பை பாக்கலன்னா துணி போகும். பாத்தா நீ போவ. எது வேணும்னு நீயே சொல்லு."

அன்றைக்கே அவளும் கம்பை எடுத்தாள். ஆனாலும் மூன்று வாரம் வரைக்கும் மூட்டையைப் பார்த்தால் அவள் விரல் இரண்டும் தானாக நீளும். இழுத்து இழுத்துக் கட்டினாள். நான்காவது வாரம் நீளவில்லை. பழகிவிட்டது.

அவள் புருஷன் பஸ் கண்டக்டர். இருபத்தாறு வருஷ சர்வீஸ். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு வேலை போயிற்று, பட்டம் போகவில்லை. தெருவில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் கண்டக்டர்தான். வாரத்தில் மூன்று நாள், செவ்வாய், வியாழன், சனி, ஆஸ்பத்திரிக்குப் போய் நாலு மணி நேரம் மெஷினில் படுக்க வேண்டும். மெஷின் அவர் ரத்தத்தை வாங்கிக் கழுவித் திருப்பிக் கொடுக்கும். "நீ வெளிய கழுவுற, அது உள்ள கழுவுது. நான் உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல மாட்டிக்கிட்ட அழுக்குத்துணி" என்பார் அவளிடம்.

மெஷினுக்காக அவருடைய இடது மணிக்கட்டுக்கு மேலே இரண்டு ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அந்த இடம் புடைத்து, தொட்டால் கிர்ரென்று அதிரும். அந்த அதிர்வு இருக்கிறதா என்று தினமும் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தார் நர்ஸ். வேலைக்குக் கிளம்பும்போது அவள் உள்ளங்கையை அதன்மேல் வைப்பாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "வண்டி ஸ்டார்ட்ல இருக்கா?" என்பார்.

"இருக்கு."

"ரைட், போலாம்."

வீட்டுக்குள் எல்லாம் அளவுதான். ஒரு நாளைக்கு மூன்று டம்ளர் தண்ணீர், அதற்குமேல் ஒரு வாய் கிடையாது. அதில் ஒரு டம்ளரைத் தட்டில் ஊற்றிக் கட்டியாக உறையவைத்து, தாகத்துக்கு ஒவ்வொரு துண்டாக வாயில் போட்டுக்கொள்வார். உருளைக்கிழங்கு என்றால் இரண்டு தடவை வேகவைத்து இரண்டு தண்ணீரையும் கொட்டிவிட்டுத்தான் தட்டில் வைப்பாள். "இதுக்கு நான் உன் டிரம்மைத் தின்னுடலாம்" என்பார், ஆனால் தின்பார். விதி என்று ஒன்றைச் சொல்லிவிட்டால் அவர் தாண்டமாட்டார். அவருடைய உடம்பு இத்தனை காலம் ஓடியதே அந்தக் குணத்தால்தான்.

பட்டாளம் வந்தது இரண்டாவது மாதம். சந்தையில் கூட்டம் அடங்கவில்லை, ஆஸ்பத்திரி வாசலில் அடிதடி, போலீஸ்காரர்களில் பாதிப் பேர் படுக்கையில். ஒரு காலையில் கண்விழித்துப் பார்த்தால் தெருமுனையில் சிமெண்டு நிரப்பின தகர டிரம்கள், அவற்றுக்கு நடுவே முள்கம்பிச் சுருள், ஓரமாக ஒரு பச்சை லாரி. பாஸ் இல்லாமல் யாரும் தெருவைத் தாண்டக் கூடாது என்று ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டே போயிற்று. ஆஸ்பத்திரி வேலைக்காரி என்பதால் அவளுக்கு மஞ்சள் பாஸ் தானாக வந்தது. கண்டக்டருக்கு நோயாளி பாஸ் வாங்கத்தான் அலைச்சல். பட்டாளத்து அலுவலகமாக மாறியிருந்த பள்ளிக்கூடத்தின் முன்னால் ஐந்து நாள் வெயிலில் நின்றாள். அந்த முதல் வாரம் மட்டும் ஆஸ்பத்திரி நோட்டைக் காட்டினாலே அவரை விட்டார்கள். கடைசியில் கெட்டியான ரோஸ் நிறக் காகிதம் ஒன்று கிடைத்தது. உருண்டை முத்திரை, மையில் கையெழுத்து. ஒரு ஆளுக்கு ஒன்று. நகல் செல்லாது.

அவள் தன்னுடையதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். அவருக்கும் ஒரு உறை கொண்டுவந்தாள்.

"நான் என்ன மாடா, கழுத்துல மணி கட்டிக்க?" என்று தள்ளிவிட்டார். "இருபத்தாறு வருஷம் டிக்கெட்டுக் கட்டு இருந்த இடம் இது." இடப்பக்கச் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். "ஒரு நாள் ஒரு டிக்கெட் கீழ விழுந்திருக்குமா?"

சாயங்காலம் ஆனால் ஜன்னலுக்கு ஜன்னல் பேச்சு. வெளியே வரத்தான் தடை, வாய்க்குத் தடை இல்லை. எதிர்வீட்டில் டெய்லர். பக்கத்து வீட்டில் அவளுடைய தம்பி, மின்சார வாரியத்தில் லைன்மேன், அவனுக்கும் மஞ்சள் பாஸ் உண்டு. தம்பிக்கும் கண்டக்டருக்கும் இந்த விஷயத்தில் ஏழாம் பொருத்தம்.

"வியாதிக்கு டாக்டரை அனுப்புவாங்களா, துப்பாக்கியை அனுப்புவாங்களா மாமா?" என்று ஆரம்பிப்பான் தம்பி. "நம்மளக் கேட்டா பூட்டினாங்க? நாளைக்கு வியாதி போயிடும். இவனுங்க போவானுங்களா?"

"கேட்டுட்டுப் பூட்டணும்னா எவன் மாப்ள சரின்னு சொல்லுவான்? நீ சொல்லுவியா? சந்தையில பாத்தல்ல, ஒருத்தன்மேல ஒருத்தன். ஓடுற பஸ்ல படியில தொங்குறவன இறங்குன்னா இறங்குவானா? விசில் அடிச்சு வண்டிய நிறுத்தினாத்தான் இறங்குவான்."

"அவங்க விசிலா அடிக்கிறாங்க? இதோ நிக்கிறாரே டெய்லர் அண்ணன், அவரக் கேளுங்க."

டெய்லர் முந்தின வாரம் கடைக் கதவை ஒரு முழம் திறந்து ஊசி எடுத்துக்கொண்டிருந்தவர். பிடித்து, தார் ரோட்டில் உச்சிவெயிலில் இரண்டு மணி நேரம் முட்டி போடவைத்தார்கள். தெருவே ஜன்னல் வழியாகப் பார்த்தது. அதற்குப் பிறகு அவர் ஜன்னலில் பாதி மறைந்தே நிற்கிறார்.

"முட்டிதானே போட வச்சான்," என்றார் கண்டக்டர். "உசுரையா எடுத்தான்?"

டெய்லர் ஜன்னலை மெல்லச் சாத்திக்கொண்டார்.

"என்னங்க பேச்சு இது? அந்த மனுஷன் முட்டியில இன்னும் கொப்புளம் காயல," என்றாள் அவள்.

"அதுக்கு? நான் வாரம் மூணு நாள் ஆஸ்பத்திரிக்குப் போறவன். வழியில எவனாவது இருமினா முதல்ல போறது நான்தான். அந்த டிரம்மும் கம்பியும் இல்லைன்னா இன்னிக்கு நான் உன் பக்கத்துல உக்காந்திருக்க மாட்டேன். எனக்காகத்தான் அவன் நிக்கிறான்."

அதை அவர் மனசாரத்தான் சொன்னார். அவளுக்கு இரண்டு பக்கமும் சரியாகத்தான் பட்டது. எழுந்து போய் உருளைக்கிழங்கின் இரண்டாவது தண்ணீரைக் கொட்டினாள்.

அந்த வியாழக்கிழமை மெஷின் முடிந்து அவர் திரும்பும்போது மணி நாலு. ஆள் பற்றாக்குறை என்று அன்றைக்கு எல்லோரையும் இரண்டு மணி நேரத்தோடு எழுப்பிவிட்டார்களாம். அந்த இரண்டு மணி நேரமும் பக்கத்துப் படுக்கைக்காரர் இருமிக்கொண்டே இருந்தாராம். வாசற்படியிலேயே நின்று சொன்னார்.

"உள்ள வராதீங்க. அப்படியே நில்லுங்க."

நடைவழியில் அடுப்பு மூட்டிப் பெரிய அலுமினியப் பானையில் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மெஷின் நாளும் இப்படித்தான். அவர் வாசலிலேயே சட்டையைக் கழற்றி, விரல் நுனியில் பிடித்து, பானைக்குள் போட்டார். ஊசி குத்திய இடத்தில் கட்டு இறுகியிருந்தது. உடம்பெல்லாம் களைப்பு. எப்போதும் பாஸை எடுத்துச் சுவரில் உள்ள ஆணியில் குத்திவிட்டுத்தான் சட்டையைக் கழற்றுவார். அன்று இருமலைப் பற்றிப் பேசிக்கொண்டே கழற்றினார். அவள் கம்பை எடுத்துச் சட்டையை அடிவரைக்கும் அமுக்கினாள். கைப்படவில்லை. சூப்பர்வைசர் பார்த்திருந்தால் மெச்சியிருப்பார். ஆறிய பிறகு அலசி, வெயிலில் நிறம் போகாமல் இருக்க உள்பக்கம் வெளியே திருப்பிக் கொடியில் போட்டாள்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அவர் அந்தச் சட்டையை மாட்டினார். இடப்பக்கப் பையைத் தட்டிப் பார்த்தார். பழக்கம். தட்டின கை அங்கேயே நின்றது. இரண்டு விரலை உள்ளே விட்டு எடுத்தார்.

மென்று துப்பினதுபோல ஒரு உருண்டை. காய்ந்து கல்லாகியிருந்தது. ரோஸ் நிறம். பையின் அடியிலும் அதே நிறத்தில் திட்டு.

அவள் ஆணியைப் பார்த்தாள். ஆணி மட்டும் இருந்தது.

"ஐயோ," என்றாள். இருபத்திரண்டு வருஷம். எத்தனை ஆயிரம் பை. உருண்டையை வாங்கிப் பிரிக்கப் பார்த்தாள். நகத்தில் தூளாக உதிர்ந்தது. முத்திரை இருந்த இடம் மட்டும் கொஞ்சம் கருப்பாக இருந்தது.

"நான் எடுக்க மறந்தேன்," என்றார் கண்டக்டர். "நீ என்ன பண்ணுவ? வா, போய்ச் சொல்லலாம். ரெண்டு மாசமா போய் வர்றேன், அந்தப் பசங்களுக்கு என்னைத் தெரியும்."

தெருமுனைக்குப் போனால் அந்தப் பசங்கள் இல்லை. முந்தின நாள்தான் பழைய ஆட்களை மாற்றிப் புது ஆட்களை இறக்கியிருந்தார்கள். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த தம்பியும் கூட வந்தான்.

"பாஸ்?" என்றான் முன்னால் நின்ற சிப்பாய்.

கண்டக்டர் உள்ளங்கையை நீட்டினார். நடுவில் ரோஸ் உருண்டை.

"என்ன இது?"

"பாஸ்தான் தம்பி. துவைக்கிறப்போ..."

"விளையாடுறீங்களா?"

லாரி நிழலிலிருந்து ஒருவர் எழுந்து வந்தார். தோளில் மூன்று பட்டை. கண்ணில் தூக்கம். மாஸ்க் வேர்வையில் நனைந்து மூக்கோடு ஒட்டியிருந்தது. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். புருஷனின் சட்டைக் கையை ஏற்றி, தைத்த இடத்தைக் காட்டினாள். ஆஸ்பத்திரி நோட்டைப் பிரித்துக் காட்டினாள். மூன்று பட்டைக்காரர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"புரியுதும்மா. ஆனா பாஸ் இல்லாம ஒரு ஆள் போகக் கூடாதுன்னு ஆர்டர். ஸ்கூல்ல போய்ப் புதுசு வாங்குங்க."

"ஸ்கூலு அந்தப் பக்கம் இருக்கு சார். கம்பியைத் தாண்டினாத்தானே போக முடியும்?"

"உங்க மஞ்சள் பாஸ் செல்லும். நீங்க போய் வாங்கிட்டு வாங்க. இன்னிக்கும் நாளைக்கும் ஆபீஸ் கிடையாது. திங்கக்கிழமை ஒன்பது மணிக்குத் திறப்பாங்க."

"வியாழக்கிழமையே மெஷின் பாதிதான் ஓடுச்சு, திங்கக்கிழமை வரைக்கும் தாங்காது சார். விட்டுப்போச்சுன்னா உடம்புல தண்ணி ஏறும். நெஞ்சு அடைக்கும்."

"அப்ப ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. ஆம்புலன்ஸ்ல வந்தா நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

அங்கேயே நின்று கூப்பிட்டாள். இருபது நிமிஷம் மணி அடித்து ஒரு பெண் எடுத்தாள். "மூச்சுத் திணறல் இருக்கா? மயக்கம்? நடக்குறாரா? நடந்து போற பேஷண்டுக்கு இப்ப வண்டி இல்லம்மா, மன்னிச்சுக்கங்க."

கண்டக்டர் ஒரு அடி முன்னால் வந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தம்பி, நீங்க பண்றது சரிதான். நான் தப்பே சொல்ல மாட்டேன். நானும் இருபத்தாறு வருஷம் டிக்கெட் கேட்டவன். ஆனா ஒண்ணு சொல்றேன். தொலைச்சவன் யாரு, ஏமாத்துறவன் யாருன்னு கேக்குறவனுக்குத் தெரியும். மூஞ்சியைப் பாத்தா தெரிஞ்சிடும். தொலைச்சவன நான் இறக்கிவிட்டதே இல்ல. என் மூஞ்சியைப் பாருங்க."

பார்க்கட்டும் என்று மாஸ்க்கைக் கீழே இழுத்தார்.

சிப்பாய்கள் மூன்று பேரும் பின்னால் துள்ளினார்கள். ஒரு லத்தி அவர் நெஞ்சுக்கு நேராக நீண்டது. "மாஸ்க்கப் போடு! போடுய்யா! பின்னால போ!"

வீங்கத் தொடங்கியிருந்த அந்த முகத்தை யாரும் பார்க்கவில்லை. வாயைத்தான் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு தம்பி அடங்கவில்லை. "அவர் என்ன திருடனா? நோயாளிய ஆஸ்பத்திரிக்கு விடாம யாரக் காப்பாத்துறீங்க? எந்த ஆர்டர்? எழுத்துல காட்டுங்க!" என்று முள்கம்பிச் சுருளைப் பிடித்து இழுத்தான். முழங்காலுக்குக் கீழே இரண்டு அடி விழுந்தது. சத்தம் ஈரத்துணியைக் கல்லில் அறைந்ததுபோல இருந்தது. கையைப் பின்னால் மடக்கி லாரிக்கு இழுத்துப் போனார்கள்.

"மாப்ள, வாயை மூடு. மாப்ள!" என்று கண்டக்டர் கத்தினார். மூச்சு வாங்கிற்று. பிறகு மூன்று பட்டைக்காரரைப் பார்த்து, "சின்னப் பையன் சார், கோவக்காரன்" என்றார்.

"நேத்து இதே மாதிரி ஒருத்தன் வந்தான்," என்றார் மூன்று பட்டைக்காரர், யாரையும் பார்க்காமல். "அப்பாவுக்கு சீரியஸ்னு அழுதான். விட்டேன். சாயங்காலம் எனக்கு மெமோ. வீட்டுக்குப் போங்க பெரியவரே."

அவரை வீட்டில் உட்காரவைத்துவிட்டு அவள் ஓடினாள். அவளைக் கம்பி தடுக்கவில்லை. கழுத்தில் தொங்கினதைப் பார்த்து வழிவிட்டார்கள். நோய் ஒன்றுமில்லாத உடம்பு அவளுடையது, அது தாராளமாகப் போய் வரலாம். மெஷின் இருக்கிற வார்டில் அவருடைய படுக்கையில் வேறு ஒருவர் படுத்திருந்தார். நர்ஸ் பதறிப்போய் டாக்டரிடம் ஒரு கடிதம் எழுதி வாங்கிக் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு வேர்க்க விறுவிறுக்கத் தெருமுனைக்கு வந்தாள். மூன்று பட்டைக்காரர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"இது நல்ல லெட்டர். இத ஆபீஸ்ல காட்டுனீங்கன்னா திங்கக்கிழமை உடனே பாஸ் போட்டுடுவாங்க," என்றார். "மேல கேட்டுப் பாக்குறேன்" என்று வயர்லெஸ்ஸையும் எடுத்தார். அது இரைந்தது, யாரோ ஏதோ சொன்னார்கள். அவர் தலையை இடமும் வலமுமாக ஆட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கண்டக்டரால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் தலையணை வைத்து உட்காரவைத்தாள். கணுக்காலில் விரலை அமுக்கினால் பள்ளம் அப்படியே நின்றது. உதடு காய்ந்து வெடித்திருந்தது. தண்ணீரைத்தான் கேட்டார்.

"ஒரு டம்ளர். முழுசா. ஜில்லுன்னு."

"ஏற்கனவே உடம்பெல்லாம் தண்ணிங்க. நாளைக்கு மெஷின்ல போட்டுட்டாக் குடிக்கலாம்." தட்டிலிருந்து ஒரு ஐஸ் துண்டை எடுத்து நாக்கில் வைத்தாள்.

"அதுவும் சரிதான்," என்றார். ஐஸ் கரையும்வரை கண்ணை மூடியிருந்தார்.

எதிர் ஜன்னல் திறந்தது. டெய்லர் இன்று முழுதாக நின்றார். எப்போதிருந்து பார்த்துக்கொண்டிருந்தாரோ.

"அண்ணே," என்று கூப்பிட்டார். "நான் வேணா போய் முட்டி போடட்டுமா? எவ்வளவு நேரம்னாலும் போடுறேன். உங்கள விடச் சொல்லிக் கேக்குறேன்."

கண்டக்டர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். வரவில்லை. கையை மட்டும் தூக்கி, வேண்டாம் என்பதுபோல ஆட்டினார். தூக்கிய கை சரியாக இறங்கவில்லை, தடுமாறி விழுந்தது. டெய்லர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். இந்தமுறை சாத்தவில்லை.

"நான்தான் அவிச்சேன்," என்றாள் அவள். "ஊரான் பையெல்லாம் பாத்தேன். உங்க பையப் பாக்கல."

"நீ சொன்னபடி செஞ்ச. அவனும் சொன்னபடி செய்யுறான்." ஒவ்வொரு சொல்லுக்கும் நிறுத்தி மூச்சு வாங்கினார். "அங்க ஒரு பொய் சொன்னேன் நான்."

"என்ன பொய்?"

"தொலைச்சவன இறக்கிவிட்டதே இல்லன்னேன்ல. விட்டிருக்கேன். ஒரே ஒருத்தன். வேலையில சேந்த புதுசு. வயசான ஆளு. டிக்கெட் எடுத்தேன் எடுத்தேன்னான். நான் கிழிச்சுக் கொடுத்த ஞாபகம் எனக்கே லேசா இருந்துச்சு. செக்கிங் இருக்குன்னு சொல்லியிருந்தாங்க. பயம். ரெண்டு ஸ்டாப்புக்கு நடுவுல, பொட்டல்ல, விசில் அடிச்சேன். இறங்கிட்டாரு. ஒரு வார்த்தை பேசல." மூச்சு வாங்கிக்கொண்டார். "இறங்கி நின்னு என்னைப் பாத்தாரு. முப்பது வருஷமா ஞாபகமே வரல. நேத்துலேருந்து அந்த மூஞ்சி."

"அதெல்லாம் இப்ப எதுக்குங்க?"

"மாப்ளகிட்ட சொல்லு. அவன் சொன்னதும்..." இருமல் வந்தது. எச்சிலில் நுரையும் ரோஸ் நிறமுமாக ஏதோ வந்தது. அவள் அதைத் துணியில் துடைத்துவிட்டுப் போனை எடுத்தாள்.

இப்போது ஆம்புலன்ஸ் மறுக்கவில்லை. அறிகுறி எல்லாம் சரியாக இருந்தது. "வண்டி கிளம்பிடுச்சும்மா" என்றாள் அதே பெண்.

மத்தியானம் மூன்று மணி வெயில் ஜன்னல் வழியாக அவர் காலில் விழுந்திருந்தது. அவள் அவர் இடது கையைத் தன் மடியில் எடுத்து வைத்து, தைத்த இடத்தின்மேல் உள்ளங்கையை அழுத்திக்கொண்டாள். கிர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது.

"ஸ்டார்ட்ல இருக்குங்க," என்றாள். அவர் கேட்காமலேயே. "இருக்கு. ஓடுது. இருக்கு."

அவர் உதடு அசைந்தது. என்ன சொன்னார் என்று அவளுக்குக் கேட்கவில்லை. தலை தலையணையில் சரிந்தது. கொஞ்ச நேரத்தில் உள்ளங்கைக்குக் கீழே அதிர்வு இரண்டு தடவை இடறிற்று. பெரிய வண்டி நிற்பதற்கு முன் குலுங்குமே, அப்படி. பிறகு ஒன்றுமில்லை. கையை மாற்றி வைத்துப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் மேலே. இன்னும் கொஞ்சம் கீழே. எதிர் ஜன்னலில் டெய்லர் தலையில் அடித்துக்கொண்டு அழுகிற சத்தம் கேட்ட பிறகுதான் கையை எடுத்தாள்.

ஆம்புலன்ஸ் வந்தபோது முள்கம்பிச் சுருளை அவர்களே ஓடிவந்து இழுத்து விலக்கினார்கள். போகும்போதும் விலக்கினார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. மூன்று பட்டைக்காரர் லாரி ஓரத்தில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவள் அவரைப் பார்த்தாள். பிறகு பார்க்கவில்லை.

அடக்கத்துக்கு இரண்டு பேருக்கு அனுமதி. தம்பியைத் திங்கட்கிழமை காலை விட்டார்கள். நொண்டிக்கொண்டே வந்தான். குழிக்குப் பக்கத்தில் நின்றான். மண் தள்ளி முடித்த பிறகு, "மாமா இருந்திருந்தா, அவனுங்க மேல தப்பில்ல மாப்ளன்னு எங்கிட்ட சண்டைக்கு வருவாருக்கா" என்று சொல்லி, அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு உடைந்தான். அவர் கடைசியாகச் சொன்னதை அவளால் அப்போது சொல்ல முடியவில்லை. பாதியில் நின்ற பேச்சு. மீதியை அவள் எப்படிச் சொல்ல முடியும்?

வீட்டுக்கு வந்து குளிர்பெட்டியைத் திறந்தபோது ஐஸ் தட்டு ஒரு துண்டு குறைய அப்படியே இருந்தது. அவருடைய மூன்றாவது டம்ளர்.

பதினோராம் நாள் வேலைக்குப் போனாள். சூப்பர்வைசர் துக்கம் விசாரித்தார். துணி மலையாகக் குவிந்திருந்தது. முதல் மூட்டை பச்சை. பள்ளிக்கூடத்து முகாமிலிருந்து வந்தது. பட்டாளத்து உடுப்பையும் இனி இங்கேதான் வெளுப்பது என்று புது ஏற்பாடு.

டிரம்மில் தண்ணீர் குமுறிக்கொண்டிருந்தது. அவள் மூட்டையைத் தூக்கிக் கவிழ்க்கவில்லை. முடிச்சை அவிழ்த்தாள். ஒரு சட்டையை எடுத்து, இடப்பக்கப் பையில் இரண்டு விரலை விட்டு, மூலையைத் தடவி, பையை வெளியே இழுத்துப் போட்டாள். அடுத்தது.

"லாண்டரியக்கா! என்ன பண்றீங்க? கை வைக்கக் கூடாதுன்னு தெரியாதா?"

அவள் நிறுத்தவில்லை. எட்டு சட்டையோ ஒன்பதோ ஆகியிருக்கும், ஒரு பையின் அடியில் விரலுக்குக் காகிதம் தட்டியது. எடுத்துப் பார்த்தாள். நாலாக மடித்த பஸ் டிக்கெட். பஸ் ஓடிய காலத்தது. எந்த ஊரிலிருந்தோ எவனோ ஒரு பையன் ஏறி வந்திருக்கிறான். ஒரு ஓரம் சாய்வாகக் கிழிந்திருந்தது. கட்டை விரலால் அமுக்கிக் கிழித்த கிழிப்பு. எந்தக் கண்டக்டர் கிழித்தாலும் வருகிற அந்தக் கிழிப்பு அவளுக்குத் தெரியும்.

"என்ன அது?" சூப்பர்வைசர் தள்ளி நின்றே எட்டிப் பார்த்தார். "டிக்கெட்டா? உள்ள போட்டு அமுக்குங்க. பஸ்ஸே ஓடல, அது எதுக்கு ஆகும்?"

வேலைக்கூடத்து அங்கியில் பை கிடையாது. அவள் அந்தக் காகிதத்தை விரித்து, ஈரம் படாத இடமாகப் பார்த்து, ஜன்னல் கட்டையின்மேல் வைத்து, பறக்காமல் இருக்க ஒரு சோப்புக்கட்டியை அதன்மேல் வைத்தாள்.

"இருக்கட்டும் சார்," என்றாள். "இறங்குற வரைக்கும் யாராவது கேட்டா காட்டணும்ல."

அடுத்த சட்டையை எடுத்தாள்.